காலி வண்டி

இருபது டன் பேருந்தைத் தூக்க
அளந்து அடித்த பட்டைகள், பதினோரு அடுக்கு.
என்னை மட்டும் சுமக்கச் சொன்னால்
அவற்றுக்குத் தெரியவில்லை.
எழுபத்தெட்டுக் கிலோ நான்.
கணக்கிலேயே வரவில்லை.

கெப்பல் மேம்பாலத்தில் இணைப்புக்கு இணைப்பு
தடக்.
கடைவாய்ப் பல்லில் அசல்,
இடுப்பில் வட்டி.
கொக்கியில் மாட்டிய தே ஓ பொட்டலம்
கண்ணாடியில் முட்டித் திரும்பும்.
பாலத்துக்கு எத்தனை இணைப்பென்று
கட்டியவருக்கு நினைவிருக்குமோ என்னவோ,
என் முதுகெலும்புக்கு இருக்கிறது.

சுங்கை காடுட் பட்டறையில் சியா
கால் மட்டும் வெளியே தெரிய
வண்டிக்கடியிலிருந்து பேசினான்:
"ரெண்டு பட்டையை உருவிடலாம் லா,
மெத்தை மாதிரி போகும்.
அப்புறம் பஸ்ஸைத் தூக்குறப்போ
பின்பக்கம் உக்காந்துடும்,
முன்சக்கரம் வானத்தைப் பாக்கும்.
அப்ப எனக்குப் போன் பண்ணாதே."
உருவவில்லை.

வேறென்னென்னவோ செய்தோம்.
ஷாக் அப்சார்பர் நான்கும் புதிது.
நசுங்கிய புஷ்களைத் தட்டி எடுத்து மாற்றினோம்.
காலியாய் ஓடும்போது டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி,
அழைப்பு வந்தால் ஏற்றி,
முடிந்ததும் இறக்க மறந்து.
மணல் மூட்டை பன்னிரண்டு ஏற்றினேன்;
டீசல் பில்லைப் பார்த்த அலுவலகம்
பன்னிரண்டையும் இறக்கச் சொன்னது.
காற்றில் மிதக்கும் இருக்கை கேட்டு எழுதினேன்.
பரிசீலனையில் இருக்கிறதாம்.
என் மகள் யோகா விரிப்பை நான்காய் மடித்து நீட்டினாள்.
இத்தனைக்குள் கொஞ்சம் உருப்படியானது அதுதான்.

போன செவ்வாய், நள்ளிரவு தாண்டி
ஷென்டன் வேயில் ஓர் ஈரடுக்குப் பேருந்து
கடைசிச் சுற்றில் கியர் செத்து நின்றது.
அச்சுக்குக் கீழே கம்பத்தைக் கொடுத்துத் தூக்கினேன்.
பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்து
முனகின,
பிறகு வாய் திறக்கவில்லை.
அதே பாலம், அதே இணைப்புகள்.
மடித்த வேட்டியின் ஓரத்தில்
விரல் ஓட்டியதுபோல் கடந்தன.
பொட்டலம் நேராகத் தொங்கியது.

வெளியில் சொல்ல முடியாத ஒன்று இது:
எவருடைய வண்டியாவது நின்றால்தான்
என் முதுகு உட்காருகிறது.
எங்கேயாவது ஒன்று நிற்கட்டுமே என்று
சில இரவுகளில் நினைத்தும் இருக்கிறேன்.

ஜூரோங்கில் பேருந்தை இறக்கியாயிற்று.
அதன் ஓட்டுநர் நோர்ஹயாத்திக்குக் காலாங்கில் வீடு.
"ஏறிக்கோங்க, அந்த வழிதான்" என்றேன்.
அந்த வழி இல்லை.
வார் மாட்டிய நொடியில் உறங்கிப்போனார்,
தலை பக்கக் கண்ணாடியில்.
பதினான்கு மணிநேரம் விழித்திருந்த தலை.
வண்டியோ மறுபடி காலி.
முதல் மேட்டிலேயே
கண்ணாடியில் நெற்றி மோதும் சத்தம் கேட்டது.
விழிக்கவில்லை. எனக்குத்தான் வலித்தது.

மேம்பாலம் வந்தது.
எழுபதிலிருந்து நாற்பதுக்கு இறங்கினேன்.
விளக்குக் கம்பம், அடுத்து இணைப்பு:
முன்கூட்டியே காலைத் தூக்கி, உருளவிட்டு,
தாண்டியபின் மெல்ல மிதித்து.
பச்சைப் பலகை, அடுத்து இரண்டு நெருக்கமாக.
முதுகு இத்தனை வருடம் அடிவாங்கி
மனப்பாடம் செய்ததையெல்லாம்
வலது கால் ஒப்பித்தது.
பின்னால் காய்கறி லாரி
விளக்கை அடித்து அடித்துச் சலித்து
ஹாரனோடு விலகிப் போனது.

காலாங்கில் கண்ணைத் தேய்த்துக்கொண்டு இறங்கியவர்
கதவைச் சாத்துமுன் சொன்னார்:
"நல்ல வண்டி, பாங்.
என் பஸ்ஸைவிட மெத்துனு இருக்கு."

ஆறிப்போன தே ஓவைக்
கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினேன்.
சியாவிடம் இதைச் சொல்லவில்லை.
சொன்னால் அதற்கும் ஒரு பில் போடுவான்.